கேட்டால் சொல்கிறேன்: காற்றை முதலில் எழுதுங்கள்

கற்பனைக் கிரகங்களையும் அங்கே பறக்கும் பிராணிகளையும் வைத்துக் கதை எழுதுகிறவர்கள் தங்கள் சந்தேகங்களை அனுப்பலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தேன். கடிதங்களோடு படங்களும் வந்திருக்கின்றன. சில படங்களை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவு அழகு. எல்லோருக்கும் பொதுவாக ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் பிராணியை வரைந்து முடித்துவிட்டு, அதற்குப் பொருத்தமான கிரகத்தைத் தேடுகிறீர்கள். காற்றிலிருந்து தொடங்குங்கள். அதன் அடர்த்தி எவ்வளவு, ஈர்ப்பு எவ்வளவு, குளிரா வெக்கையா, என்ன வாயு, அந்த வாயு ஏன் இன்னும் அங்கே தங்கியிருக்கிறது? இவற்றுக்கு விடை வைத்திருந்தால் சிறகின் அளவைக் காற்றே சொல்லிவிடும்.

டீச்சர், என் கதையில் பூமியைவிட இரு மடங்கு ஈர்ப்புள்ள கிரகம் வருகிறது. அங்கே யானை அளவுப் பறவைகள் பறக்கின்றன. "காற்று மிக அடர்த்தியாக இருந்தது" என்று ஒரு வரி எழுதினால் போதுமா?
– உயர்தர மாணவி, வெள்ளவத்தை

போதாது பிள்ளை. ஆனால் அந்த ஒரு வரியைக் கணக்குப் போட்டுப் பார்த்தாயானால் உன் கதைக்கு இன்னும் பத்துப் பக்கம் கிடைக்கும்.

ஒருநாள் காலையில் பேரை வாவிக் கரைக்குப் போ. கங்காராமைப் பக்கம் கூழைக்கடாக்கள் இருக்கும். ஒன்று நீரிலிருந்து எழும்புவதைக் கவனி. இரண்டு கால்களையும் ஒருசேர நீரில் உதைத்து, உதைத்து, சிறகை அடித்துக்கொண்டு முன்னே பாயும். வேகம் பிடித்த பிறகுதான் உடல் நீரை விட்டுக் கிளம்பும். கிளம்பியவுடன் சிறகை அசைக்காமல் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே வழுக்கிக்கொண்டு போகும். ஏறத்தாழ 5 கிலோ நிறையுள்ள பறவைக்கே இவ்வளவு பாடு.

சிறகு தூக்கும் விசை மூன்று விடயங்களில் தங்கியிருக்கிறது: காற்றின் அடர்த்தி, சிறகின் பரப்பு, வேகத்தின் வர்க்கம். இப்போது கூழைக்கடாவை அதே வடிவத்தில் 4,000 கிலோ யானையாகப் பெருப்பித்துப் பார். நிறை 800 மடங்கு. நீளம் 800 இன் கனமூலம், அதாவது ஏறத்தாழ 9.3 மடங்கு. சிறகின் பரப்பு நீளத்தின் வர்க்கமாகத்தான் கூடும்: சுமார் 86 மடங்கு. நிறை 800 மடங்கு ஏறியிருக்க, அதைத் தாங்கவேண்டிய பரப்பு 86 மடங்குதான் ஏறியிருக்கிறது. ஒவ்வொரு சதுர மீற்றரும் 9.3 மடங்கு சுமையைத் தாங்கவேண்டும். உன் கிரகத்தின் ஈர்ப்பு இரு மடங்கு என்பதால் அது 18.6 ஆகிறது. கூழைக்கடா எழும்பும் அதே வேகத்தில் உன் யானைப் பறவையும் எழும்பவேண்டுமென்றால், காற்று நமது காற்றைவிட 18.6 மடங்கு அடர்த்தியாக இருக்கவேண்டும். சிறகு விரிப்பு 20 மீற்றரைத் தாண்டும்.

இந்த இடத்தில் கொப்பியை மூடிவிடாதே, இனித்தான் விடயமே இருக்கிறது. நம்முடைய அதே வாயுக்கள், அதே வெப்பநிலை என்று வைத்தால் அங்கே அமுக்கமும் 18.6 மடங்கு. கடலில் 175 மீற்றர் ஆழத்தில் நிற்பதற்குச் சமம். நான்கு, ஐந்து மடங்கு அமுக்கத்திலேயே நைதரசன் மனிதனை மயக்கத் தொடங்கிவிடும். சுழியோடிகள் அஞ்சுகிற போதை அது. ஒட்சிசன் 21 வீதமாகவே இருந்தால், அந்த அமுக்கத்தில் அதுவே நஞ்சாகி வலிப்பை உண்டாக்கும். எனவே உன் கிரகத்தில் ஒட்சிசனை ஏறத்தாழ 1 வீதத்துக்குக் குறைக்கவேண்டும். குறைத்தால் நுரையீரலுக்குப் போதுமான அளவு கிடைக்கும். ஆனால் தீ? ஒரு பங்கு ஒட்சிசனைச் சூழ்ந்து தொண்ணூற்றொன்பது பங்கு வேறு வாயு நின்று வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டால் எந்தச் சுவாலையும் நிலைக்காது. ஐந்தாம் அத்தியாயத்தில் உன் நாயகி விறகு மூட்டிக் குளிர்காய்கிறாள் அல்லவா? அந்த நெருப்பு பற்றாது. அங்கே வளரும் அறிவுள்ள உயிர்கள் நெருப்பைக் காணாமலே வளர்ந்திருக்கும். உலோகம் உருக்கத் தெரியாத நாகரிகம்! அதை எழுது, நான் முதல் ஆளாக வாசிப்பேன்.

காற்று வீசும்போது வரும் தள்ளுவிசையும் அடர்த்தியோடு ஏறும். மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் வரும் மெல்லிய காற்று, இங்கே 43 கிலோமீற்றர் காற்று தள்ளுவதுபோலத் தள்ளும். மரங்களைக் குட்டையாகவும் தடித்த அடியோடும் வரை.

தசையையும் மறந்துவிடாதே. பூமியில் பறந்தவற்றுள் மிகப் பெரியவற்றில் ஒன்றான குவெட்சல்கோட்லஸ் என்ற ஊர்வனத்துக்குச் சிறகு விரிப்பு 10 முதல் 11 மீற்றர், நிறை 200 முதல் 250 கிலோ என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அது பறவையைப்போலப் பின்கால்களால் மட்டும் எம்பியிருக்காது, மடித்த முன்கைகளையும் நிலத்தில் ஊன்றி நான்கு காலாலும் உந்தி எழும்பியிருக்கும் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. பறக்கும் தசையே எழும்பவும் உதவும் என்பது அதன் வசதி. உன் யானைக்கும் அந்த வழியைக் கொடு. நாள் முழுக்கச் சிறகடிக்க விடாதே. மலை விளிம்பிலிருந்து இறங்கி, மேலெழும் வெப்பக் காற்றில் வட்டமிடட்டும்.

சிறிய நிலவு ஒன்றில் மனிதர்கள் சிறகு கட்டிப் பறப்பதாக எழுதுகிறேன். சிறிய நிலவில் அடர்ந்த வளி தங்குமா?
– வங்கி ஊழியர், கொட்டாஞ்சேனை

தங்கும். சனியைச் சுற்றும் டைட்டன் அதற்குச் சாட்சி. ஈர்ப்பு நமது ஏழில் ஒரு பங்கு. மேற்பரப்பில் அமுக்கம் நம்முடையதைப்போல ஒன்றரை மடங்கு, வளியின் அடர்த்தியோ நான்கு மடங்குக்கும் மேல். 2005 ஜனவரி 14 அன்று ஹைகன்ஸ் கலம் அந்த வளிக்குள் பரசூட்டில் ஏறத்தாழ இரண்டரை மணித்தியாலம் இறங்கிக்கொண்டே இருந்தது. அவ்வளவு ஆழமான, அவ்வளவு நிதானமான வளி.

அந்த வளி தப்பி ஓடாமல் இருப்பதற்குக் காரணம் குளிர். மறை 179 பாகையில் மூலக்கூறுகள் சோம்பி அசைகின்றன, மெலிந்த ஈர்ப்பே அவற்றைப் பிடித்துவைக்கப் போதுமாகிறது. உங்கள் நிலவைக் கொழும்பின் வெப்பநிலைக்குக் கொண்டுவந்தால் வளி மெல்ல மெல்ல விண்வெளிக்குக் கசியும். ஆனாலும் சில ஆயிரம் ஆண்டுகளில் காலியாகிவிடாது. மனிதர்கள் சூடாக்கிய நிலவு என்று எழுதினால் உங்கள் கதை தாராளமாக நிற்கும்.

பறப்புக் கணக்கு சுகமானது. பூமியில் எழும்புவதற்குச் செக்கனுக்கு 10 மீற்றர் வேகம் தேவைப்படும் ஒரு சிறகுக்கு, டைட்டனில் 1.8 மீற்றர் போதும். கொஞ்சம் எட்டி நடந்தால் அந்த வேகம் வந்துவிடும். இதனால்தான் நாசா அங்கே எட்டுச் சுழலிகள் கொண்ட டிராகன்பிளை என்ற பறக்கும் கலத்தை அனுப்பத் திட்டமிட்டிருக்கிறது. 2028 இல் புறப்பட்டு 2034 இல் போய்ச் சேரவேண்டும் என்பது ஏற்பாடு.

ஆனால் அங்கேயே பிறந்து வளர்ந்த பிராணியை எழுதுகிறவர்கள் இன்னொன்றை யோசிக்கவேண்டும். அது எதை எரித்துப் பறக்கும்? டைட்டனின் வளியில் ஒட்சிசன் இல்லை. அசற்றலீனை ஐதரசனோடு சேர்த்து மெதேனாக்கிச் சக்தி பெறும் நுண்ணுயிர் அங்கே இருக்கலாம் என்று 2005 இல் ஆய்வாளர்கள் முன்வைத்தார்கள். இருந்தாலும் அந்தக் குளிரில் எந்த இரசாயனத் தாக்கமும் ஆமை வேகத்தில்தான் நடக்கும். பறப்பு மலிவாகக் கிடைக்கும் இடத்தில் செலவழிக்கச் சக்தி இல்லை! இந்த முரண்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. சிறகை ஒருமுறை அடித்துவிட்டு அடுத்த அடிக்கு வெகுநேரம் காத்திருக்கும் பிராணியை யாராவது எழுதமாட்டீர்களா?

ஆறு அவயவங்கள் உள்ள பறவை நாகம் (நான்கு கால், இரண்டு சிறகு) சாத்தியமா?
– ஒன்பதாம் தர மாணவன், தெஹிவளை

சாத்தியம் தம்பி, அதன் பாட்டனுக்கும் ஆறு அவயவங்கள் இருந்திருந்தால். பூமியில் முதுகெலும்புள்ளவை மூன்று முறை தனித்தனியாகச் சிறகு பெற்றன: பறக்கும் ஊர்வன, பறவை, வௌவால். மூன்றிலும் சிறகு என்பது முன்கைதான், புதிதாக முதுகில் முளைத்ததல்ல. ஆகவே உன் கிரகத்தின் மான், நரி, தவளை எல்லாவற்றுக்கும் ஆறு கால் வரைந்துவிடு. பிறகு உன் நாகத்தைப் பற்றி யாரும் கேள்வி கேட்கமுடியாது.

சிறகே இல்லாமல், வாயுப் பை கொண்டு மிதக்கும் பிராணிகளை எழுத விரும்புகிறேன். வியாழனில் அவை இருக்கலாம் என்று படித்தேன். எப்படி?
– ஆசிரியை, பம்பலப்பிட்டி

1976 இல் கார்ல் சேகனும் எட்வின் சால்பீட்டரும் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் வந்த எண்ணம் அது. நிலமே இல்லாத வியாழனில், மேகங்களுக்கிடையே மிதந்து வாழும் பெரும் உயிர்களை அவர்கள் இயற்பியல் கணக்கோடு கற்பனை செய்தார்கள். மிதப்பவை, மெல்ல அமிழ்பவை, வேட்டையாடுபவை என்று ஒரு முழுச் சூழலையே வகுத்தார்கள்.

சங்கடம் என்னவென்றால், வியாழனின் வளியே ஐதரசனும் ஈலியமும்தான். அதைவிட இலேசான வாயுவுக்கு எங்கே போவது? இரண்டு வழிகள் உண்டு. ஈலியத்தை வெளியேற்றித் தூய ஐதரசனை மட்டும் பைக்குள் வைத்திருக்கலாம், ஆனால் ஆதாயம் சொற்பம். அல்லது உள்ளேயுள்ள வாயுவைச் சூடாக்கலாம். அமுக்கம் நம்முடைய அளவுக்கு இருக்கும் உயரத்தில் வியாழனில் மறை 108 பாகை. பைக்குள் 57 பாகைக்குச் சூடாக்கினாலும் ஒரு கனமீற்றர் வாயு ஏறத்தாழ 80 கிராமைத்தான் தூக்கும். பூமியில் ஒரு கனமீற்றர் ஐதரசன் 1.1 கிலோவைத் தூக்கும், டைட்டனில் 5 கிலோ. வியாழனின் மிதப்பவை மிகப் பிரமாண்டமாக இருக்கவேண்டி வருவது இதனால்தான்.

பெரிதாக இருப்பதில் இலாபமும் உண்டு. பையின் தோல் நீளத்தின் வர்க்கமாகக் கூட, உள்ளே அடங்கும் வாயு கனமாகக் கூடுகிறது. சிறகுள்ள பிராணியைத் தண்டித்த அதே விதி மிதக்கும் பிராணிக்குக் கைகொடுக்கிறது. இன்னொரு நல்ல செய்தி: மிதப்புக்கு ஈர்ப்பு ஒரு பொருட்டே அல்ல. நிறையையும் மேலுதைப்பையும் ஈர்ப்பு ஒரே அளவில் பெருக்குவதால் இரு பக்கமும் வெட்டுப்பட்டுவிடும். மேலே யானைப் பறவையோடு போராடும் வெள்ளவத்தைப் பிள்ளையும் இதைக் கவனிக்கட்டும்.

நீங்கள் விடை கண்டுபிடிக்கவேண்டிய இடங்கள் வேறு. ஐதரசன் எந்தத் தோலிலும் கசியும், ஆகவே பிராணி அதை ஓயாமல் உற்பத்தி செய்துகொண்டே இருக்கவேண்டும். கறையானின் குடலில் வாழும் நுண்ணுயிர்கள் ஐதரசனை உண்டாக்குகின்றன, அதனால் இது வெறுங்கதையல்ல. மிதப்பது காற்று இழுத்த இழுப்புக்குத்தான் போகும். சோவியத் ஒன்றியம் 1985 ஜூனில் வெள்ளியின் மேகங்களுக்குள், 54 கிலோமீற்றர் உயரத்தில், வேகா பலூன்கள் இரண்டை மிதக்கவிட்டது. இரண்டே நாள்களுக்குள் ஒவ்வொன்றும் 10,000 கிலோமீற்றருக்கு மேல் அடித்துச் செல்லப்பட்டது. உங்கள் பிராணிக்கு அப்படி நேர்ந்தால் தன் துணையை மறுபடி எப்படிச் சந்திக்கும்? குஞ்சு பொரித்த இடத்துக்குத் திரும்புமா, அல்லது இடம் என்பதே அதற்குப் பொருளற்றதா? வியாழனில் குஞ்சு எங்கே விழும்? கீழே போகப் போக வெப்பம் ஏறிக்கொண்டே போகும், விழுந்து நிற்கத் தரை கிடையாது. பிறந்த கணத்திலேயே மிதக்கத் தெரிந்திருக்கவேண்டும், அல்லது தாயோடு ஒட்டியிருக்கவேண்டும். பிராணியின் குணமும் குடும்பமும் இந்தக் கேள்விகளிலிருந்துதான் உருவாகும். நிறத்தையும் கண்ணையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

என் மகன் உயர்தரம், கணிதப் பிரிவு. பரீட்சைக்கு எட்டு மாதம் இருக்க, இரவில் வேற்றுக்கிரகப் பறவை வரைகிறான். கண்டிப்பதா, விடுவதா?
– ஒரு தந்தை, கொலன்னாவை

ஐயா, நீங்கள் கடிதத்தோடு இணைத்திருந்த அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். படத்தின் ஓரத்தில் பென்சிலால் அவன் எழுதியிருப்பதை நீங்கள் கவனித்தீர்களோ தெரியவில்லை. சிறகின் பரப்பை முக்கோணங்களாகப் பிரித்துக் கணித்திருக்கிறான். வளியின் அடர்த்தியை வாயுச் சமன்பாட்டிலிருந்து பெற்றிருக்கிறான். அலகுகளும் சரியாக இருக்கின்றன. அந்தச் சமன்பாடு பரீட்சைக்கும் வரும். பாடமாக்கிய பிள்ளையைவிட, அதை வைத்து ஒரு பறவையை எழுப்பிய பிள்ளை அதை மறக்கமாட்டான்.

தயவுசெய்து அந்தக் கொப்பியைக் கிழித்துவிடாதீர்கள். வார நாள்களில் பாடம் முடிந்த பிறகு ஒரு மணித்தியாலம் என்று இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவனுக்கு என்னிடமிருந்து ஒரு திருத்தம்: அமுக்கத்தைக் கூட்டியிருக்கிறான், வெப்பநிலையை மாற்ற மறந்துவிட்டான். மறை 50 பாகையில் அவன் பறவைக்கு இன்னும் சிறிய சிறகு போதும்.

விஹாரமகாதேவி பூங்கா வௌவால்களைப் பார்த்து, இருளான கிரகத்துக்கு எதிரொலியால் வழி கண்டறியும் பிராணி ஒன்றை உருவாக்கினேன். வளி முழுவதும் காபனீரொட்சைட்டு. சரிதானா?
– வரைகலைஞர், மருதானை

பூங்காவில் பகலில் கிளைகளில் தொங்குபவை பழந்தின்னி வௌவால்கள். சிறகு விரித்தால் ஒரு மீற்றருக்கு மேல். அடுத்த முறை போகும்போது முகத்தை உற்றுப் பாருங்கள்: நரிமுகம், பெரிய பழுப்புக் கண்கள், சிறிய காதுகள். அவை எதிரொலியை நம்புவதில்லை. மங்கிய ஒளியில் கண்ணாலும், பழத்தை மூக்காலும் கண்டுபிடிக்கின்றன. எதிரொலி வித்தை பூச்சி பிடிக்கும் சிறிய வௌவால்களுடையது. உங்கள் கிரகம் அந்தி ஒளி அளவுக்காவது வெளிச்சமுள்ளது என்றால் பழந்தின்னியே நல்ல மாதிரி.

முழு இருள்தான் வேண்டுமென்றால் வளியைக் கவனியுங்கள். காபனீரொட்சைட்டில் ஒலி மெதுவாகச் செல்லும். செவ்வாயில் பெர்சிவரன்ஸ் ஊர்தியின் ஒலிவாங்கிகள் பதிந்தவற்றை ஆராய்ந்து 2022 இல் வெளியிட்டார்கள். அங்கே தாழ்ந்த சுருதி செக்கனுக்கு ஏறத்தாழ 240 மீற்றர், உயர்ந்த சுருதி 250 மீற்றர் வேகத்தில் போகிறது. தூரத்தில் ஒருவர் பாடினால் மேல்ஸ்தாயி முந்திக்கொண்டு வரும். அதோடு அந்த மெல்லிய வளி உயர்ந்த சுருதிகளை வேகமாக விழுங்கிவிடுகிறது. வௌவாலின் கீச்சொலி அங்கே தூரம் போகாது. வேட்டைப் பிராணி இரைக்கு மிக அருகே வந்த பிறகே அதை உணரும். சுருதியைத் தாழ்த்தினால் தூரம் கிடைக்கும், ஆனால் நுணுக்கம் போய்விடும், சிறு பூச்சி தெரியாது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

செவ்வாயில் தும்பி பறக்குமா?
– ஆறாம் தர மாணவி, கொள்ளுப்பிட்டி

இங்குள்ள தும்பி பறக்காது மகளே. செவ்வாயின் காற்று நம்முடையதில் 2 வீத அடர்த்திகூட இல்லை. 2021 ஏப்ரல் 19 அன்று அங்கே முதன்முதலில் பறந்த இன்ஜெனுயிட்டி ஹெலிகொப்டரின் நிறை 1.8 கிலோதான். அதைத் தூக்க 1.2 மீற்றர் நீளச் சுழலிகள் நிமிடத்துக்கு 2,400 முறைக்கு மேல் சுழலவேண்டியிருந்தது. உன் தும்பிக்கு உடலைச் சுருக்கி, சிறகை மிகப் பெரிதாக வரை.

பச்சை நிறக் குளோரீன் வளியுள்ள கிரகம் எழுதலாமா?
– கதாசிரியர், மட்டக்குளி

எழுதலாம், ஆனால் குளோரீன் சும்மா இருக்கும் வாயு அல்ல. பாறையோடும் நீரோடும் எல்லாவற்றோடும் சேர்ந்து காணாமற்போகும். நம் ஒட்சிசனும் அப்படித்தான். தாவரங்கள் ஓயாமல் வெளிவிடுவதால்தான் அது வளியில் நிலைத்திருக்கிறது. எனவே கடல் உப்பிலிருந்து குளோரீனைப் பிரித்து வெளிவிடும் தாவரங்களை முதலில் படையுங்கள். குளோரீன் வளியைவிட இரண்டரை மடங்கு கனமானது, உங்கள் பறவைகளுக்கு அது அனுகூலம். காற்றை வெறும் மஞ்சட்பச்சைப் பின்னணித் திரையாக மட்டும் விட்டுவிடாதீர்கள். மழை அமிலமாக இருக்கும், உலோகம் அரிக்கும், வேற்றுக்கிரகத்திலிருந்து வந்த கப்பலின் கதவுப் பட்டியும் சிதைந்துபோகும்.

வேற்றுக்கிரகத்தில் வானம் என்ன நிறம்?
– இல்லத்தரசி, புறக்கோட்டை

வெண்ணொளி தரும் சூரியனும் தூசியில்லாத தெளிந்த வளியும் இருந்தால், நைதரசனோ காபனீரொட்சைட்டோ, வானம் நீலமாகத்தான் இருக்கும். மூலக்கூறுகள் நீல ஒளியையே கூடுதலாகச் சிதறடிக்கின்றன. மாற்றம் வேண்டுமானால் தூசியைச் சேருங்கள். செவ்வாயில் பகல் வானம் மண்ணிறமாக இருந்து, அந்தியில் சூரியனைச் சுற்றி நீலம் படர்கிறது. செங்குறளி எனப்படும் சிறிய, மங்கலான சிவப்பு விண்மீனைச் சுற்றும் கிரகமென்றால் சிதறடிக்க நீல ஒளியே குறைவு, அதனால் வானம் வெளிறியிருக்கும். உங்கள் கதையில் சிவப்புச் சூரியனும் ஆழ்ந்த நீல வானமும் ஒரே பக்கத்தில் வருகின்றன, இரண்டில் ஒன்றை மாற்றிவிடுங்கள் அம்மா.